மயக்க ஊசியும் மாமன் மகளும்

செஞ்சிக் கடைவீதியில் விதையும் பூச்சிமருந்தும் விற்கிறவன் நான். பெயருக்குத்தான் விதை வியாபாரம். உண்மையில் நான் விற்பது பேச்சு. விதை அதோடு கூட வருவது. அதிலும் ஒரு பேச்சு எனக்குத் தலைகீழ்ப் பாடம். போன போகத்தில் விளைந்த மக்காச்சோளத்திலேயே கொஞ்சம் எடுத்து வைத்து விதைத்தேன், ஒன்றும் தேறவில்லை என்று யாராவது வந்து நின்றால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிடுவேன்.

“வீரிய ஒட்டுன்னா இன்னா? அப்பன் ஒரு வம்சம், ஆத்தா வேற வம்சம். ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. அதனாலதான் பயிரு திமிரா நிக்குது. நீ வூட்டு வெதையவே திரும்பத் திரும்பப் போட்டா, உள்ள ஒளிஞ்சிக்கினு இருந்த கோளாறெல்லாம் வெளிய வந்து பல்லைக் காட்டும். புதுசு வாங்கு.”

இதை நான் முழங்கும்போது பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் என் மனைவி. என் தாய்மாமன் மகள். என் அப்பாவும் அம்மாவும்கூட அத்தை மகன், மாமன் மகள்தான். எங்கள் ஆட்கள் இந்தக் கடைவீதியில் எத்தனையோ தலைமுறையாக வியாபாரம் செய்கிறார்கள். சம்பந்தம் மட்டும் நாலைந்து வீட்டைத் தாண்டியதில்லை. சரக்கு வெளியூரிலிருந்து வரும். மருமகள் வரமாட்டாள்.

நெல்லின் மரபணுவையே திருத்திவிட்டார்கள் என்று செய்தி அடிபட்ட சமயம், சிங்கவரத்திலிருந்து வழக்கமாக வரும் நிலக்கடலைக்காரர் என்னைக் கேட்டார்.

“அத்த துன்னா நமக்கு இன்னாவாவது ஆவுமா, மொதலாளி?”

“நெல்லுக்குள்ள இருக்கறது நெல்லோட. உனக்குள்ள இருக்கறது உன்னோட. நீ ஏன் டென்ஷன் ஆவுற?” என்றேன்.

அவர் நிம்மதியாகப் போனார். எனக்கும் என் அறிவை நினைத்து ஒரு நிம்மதி. எனக்குள்ளே இருப்பது என்ன என்று அப்போது தெரியாது.

முதலில் தெரிந்தது கல். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைமேல் பாறை அடுக்கிய மலைதான். ஊர்ப்பற்று அதிகமாகி என் பித்தப்பையிலும் ஒரு சிறிய அடுக்கு. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்கள். நாள் குறித்த பிறகு, மயக்க மருந்து டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார்கள். மனைவியும் கூட வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பிரஷர், சுகர், பல் ஆடுகிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், “தப்பா நினைக்காதீங்க சார். நீங்க என்ன கம்யூனிட்டி?” என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். பதில் இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. நான் யாரிடமும் சாதி கேட்பதில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை, ரத்தத்தில் ஏது சாதி, படித்தவர்களே இப்படிக் கேட்கலாமா என்று ஒரு மேடையளவுக்குப் பேசினேன். சொந்தத்தைத் தாண்டி ஒரு பெண்ணை நிமிர்ந்தும் பார்க்காத வம்சத்தில் பிறந்து, மாமன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினேன். மனைவி சுவரில் இருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா முடியும்வரை காத்திருந்தார். “எனக்கு உங்க சாதி வேணாம் சார். உங்க என்சைம் வேணும்.”

பிறகு விளக்கினார். மூச்சுக்குழாய் வைப்பதற்கு முன் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி உண்டு. போட்டால் சில நிமிடம் உடம்பு துணி மாதிரி கிடக்கும், மூச்சும் நிற்கும். அதற்குள் மிஷினில் இணைத்துவிடுவார்கள். அந்த மருந்தைக் கரைப்பதற்கென்றே ரத்தத்தில் ஒரு சரக்கு இருக்கிறது, அதுதான் அந்த என்சைம். சிலருக்கு மரபணுவில் ஒரே ஓர் இடம் மாறியிருப்பதால் அந்தச் சரக்கு வேலைக்கு ஆகாது. மருந்து கரையாது. மணிக்கணக்கில் மிஷின்தான் மூச்சுவிட வேண்டும். தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்துக்கொள்ளும் சில வியாபாரக் குடும்பங்களில் இது கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் இப்படிக் கேட்கிறார்கள்.

“ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் சார் இது பெரிய பிரச்சினை. அப்பா பக்கம் ஒண்ணு, அம்மா பக்கம் ஒண்ணு.”

எங்கள் வீட்டில் ஏது இரண்டு பக்கம்? இருப்பது ஒரே பக்கம், வாசல்தான் இரண்டு.

“உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சி மூச்சு திரும்ப லேட் ஆச்சா?”

“இல்ல” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. பழக்கம்.

“எங்க நைனாவுக்கு ஆச்சே” என்றாள் மனைவி.

“உங்க அப்பாவா? அவர் சாருக்கு மாமனார். அது கணக்குல வராதே.”

“மாமனாரும்தான். அதுக்கு முன்ன தாய்மாமன்.”

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக்கொண்டே போனார். கோடு மேலே போனது, குறுக்கே வந்தது, போன இடத்துக்கே திரும்பியது. வாசலில் போடும் சிக்குக் கோலம் மாதிரி ஒன்று வந்து சேர்ந்தது. எனக்கு எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் இருக்க வேண்டுமாம். எண்ணிப் பார்த்ததில் ஆறுதான் தேறியது. இரண்டு பேர் இரட்டை வேலை பார்த்திருக்கிறார்கள்.

“ரத்தம் எடுத்து அனுப்பறேன். என்சைம் கம்மியா இருந்தா அந்த ஊசி போட மாட்டோம். வேற ஊசி இருக்கு. அவ்ளோதான் சார்” என்றார்.

அந்த ‘அவ்ளோதான்’ என் காதில் நுழையவே இல்லை. ‘மணிக்கணக்கில்’ என்ற வார்த்தை ஏற்கெனவே அங்கே பாய் விரித்துப் படுத்திருந்தது.

ஏன் அவ்வளவு பயம் என்பதற்கு மாமாவின் கதையைச் சொல்ல வேண்டும். என் இப்போதைய வயதில் அவருக்கு விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். காலையில் போட்ட ஊசி பொழுது சாயும்வரை இறங்கவில்லை. நடுவில் விழிப்பு வந்துவிட்டது, ஆனால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. காது மட்டும் திறந்திருந்தது. கட்டிலைச் சுற்றி சொந்தக்காரர்கள். மாலைக்குச் சொல்லிவிடலாமா என்று ஒருவர். ஐஸ் பெட்டி திண்டிவனத்திலிருந்துதான் வரவேண்டும் என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய கூடப்பிறந்த தம்பி, “ஸ்கூட்டர் சாவி எங்க வெச்சாரு?” என்று கேட்டாராம். இருட்டும் நேரத்தில் மாமா எழுந்து முதல் வார்த்தையாக, “சாவி உனக்குக் கெடையாதுடா” என்றார்.

அந்த மாத அமாவாசைக்கு மேல்மலையனூர் போகவில்லை, அதனால் அங்காளம்மன் பிடித்து வைத்துவிட்டாள் என்று வீட்டில் முடிவானது. அதிலிருந்து வருடந்தோறும் மொட்டை. வெளியாட்களிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் உத்தரவு, அவருடைய மூன்று பெண்களுக்கும் வரன் அமைய வேண்டுமே. மூன்று பெண்களையும் கட்டிக்கொண்டவர்கள், அந்தக் கதையை எல்லா விசேஷத்திலும் அவர் வாயாலேயே கேட்டு வளர்ந்த நாங்கள்தான்.

ஊருக்குத் திரும்பியதும் மாமாவுக்கு போன் போட்டேன்.

“மாமா, அன்னிக்கு உங்கள புடிச்சி வெச்சது அம்மன் இல்லயாம். ஜீனாம்.”

“அப்ப நான் வருசா வருசம் அடிச்சிக்கினு வந்த மொட்ட?”

“அதுக்கு இன்னா பண்றது மாமா?”

“நீயும் போயி படு மாப்ள. படுத்துக்கினு, அம்மனா ஜீனான்னு நீயே கேட்டுச் சொல்லு.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. செத்த பிறகு என்ன பேசினாலும் கேட்காது. உயிரோடு துணிமூட்டையாகக் கிடந்து, என்னைப் பற்றி என் சொந்தங்கள் பேசுவதை ஒன்றுவிடாமல் கேட்க வேண்டுமே, அதற்குத்தான் நான் தயாரில்லை. முதல் காரியமாக ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். இரண்டாவது காரியமாக ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, விதைப்பு சீசன், கடையை விட்டு நகர முடியாது என்றேன்.

“பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க மாமா. பாவம், சீசன் இன்னா பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

அவள் அதோடு விட்டிருக்கலாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். மறுவாரம் சிங்கவரத்துக்காரர் வந்தார். நான் பழக்கதோஷத்தில் ஸ்டூலை இழுத்தேன்.

“அப்பன் ஒரு வம்சம், ஆத்தா ஒரு வம்சம்தானே? கேட்டாச்சி” என்றார். “நம்ம வூட்டு மாட்டுக்கு சென ஊசி போட வர்றாரே, அவரு இன்னா பண்றாரு தெரியுமா? இதோட அப்பன் எந்தக் காளன்னு கேட்டுக்கினு, அத்த வுட்டுட்டு வேற காளயோடதுதான் போடறாரு. மாட்டுக்கே பாக்கறாங்க மொதலாளி. நீங்க இன்னாடான்னா தலமுற தலமுறயா வூட்டு வெதையவே போட்டுக்கினு, என்னிய மட்டும் புதுசு வாங்கு, புதுசு வாங்குன்றீங்க.”

கல்லாவிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த ஆள் அன்று விதை வாங்காமலே போனார். என் தொழில் வாழ்க்கையில் என் பேச்சே எனக்கு நஷ்டம் வைத்த ஒரே நாள் அதுதான்.

கல்லுக்கு சீசன் தெரியாது. அமாவாசையன்று மாலை, கடைவீதி முழுக்க மேல்மலையனூர் போகிற கூட்டம். அந்தச் சந்தடியில் நானும் நாலு மிளகாய் பஜ்ஜி தின்றேன். எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொன்னது எனக்கில்லை, பயந்தவர்களுக்கு என்று ஒரு வீராப்பு. கடைசி பஜ்ஜியின் காம்பைத் துப்புவதற்குள் வலது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரை வைத்து நெம்பினார்கள். மாமாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு மனைவி கார் பிடித்தாள். எதிரே வந்ததெல்லாம் அம்மன் கோயில் சிறப்புப் பேருந்து. ஒவ்வொன்றுக்கும் எங்கள் கார் ஒதுங்கியது. அவ்வளவு பேரும் அம்மனைப் பார்க்கப் போகும்போது நான் மட்டும் எதிர்த்திசையில் போகிறேனே என்று வலியிலும் ஒரு கணம் உறுத்தியது. ஜீனை நம்பியவன் பாதி வழியில் கையெடுத்துக் கும்பிட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, இன்றே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உதித்தது: இது அவசர ஆபரேஷன், அந்த டாக்டரம்மா இருப்பாரோ மாட்டாரோ, வேறு யாராவது விஷயம் தெரியாமல் அந்த ஊசியைப் போட்டுவிட்டால்? யார் காதிலாவது விழட்டும் என்று ஆரம்பித்தேன். வாசலில் வாட்ச்மேனிடம் என் சாதியைச் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் சொன்னேன். லிஃப்ட்காரரிடம் சாதியோடு உட்பிரிவும் கோத்திரமும் சேர்த்துச் சொன்னேன். “சரிங்க சார், எந்த மாடி?” என்றார் அவர். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் கழுத்தைத் திருப்பிச் சொன்னேன்.

“அத்த எங்கிட்ட எதுக்குய்யா சொல்றே? நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்தேன்?” என்று அந்த அம்மா துடைப்பானை மாற்றிப் பிடித்தாள்.

தியேட்டருக்குள் பச்சை முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் அதே டாக்டரம்மாவுடையவை.

“போன தடவ சொல்லவே மாட்டேன்னீங்க. இப்ப கீழ் மாடி வரைக்கும் கேக்குது சார்.”

“மேடம், அந்த ஊசி...”

“ரிசல்ட் எப்பவோ வந்துருச்சு. அந்த என்சைம் உங்களுக்கு இல்லன்னே சொல்லலாம். அப்பா, அம்மா ரெண்டு பேருமே குறை வைக்காம கொடுத்திருக்காங்க. அந்த ஊசிய இந்த ரூமுக்குள்ளயே கொண்டு வரல. வேறதான் போடப்போறேன். இத அன்னிக்கே சொன்னேனே.”

சொன்னாரா? சொல்லியிருப்பார். நான்தான் அன்று பேச்சாளராகப் போயிருந்தேன், கேட்க ஆள் இல்லை. உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மங்கியது.

விழிப்பு வந்தபோது கண்ணைத் திறக்கவில்லை. முதலில் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. மூச்சு என்னுடையதாகவே வந்து போனது. பிழைத்துவிட்டேன். அங்கேயே கண்ணைத் திறந்து கடவுளுக்கோ டாக்டருக்கோ நன்றி சொல்லியிருப்பான் நல்ல மனிதன். எனக்கு வேறு ஆசை வந்தது. மாமாவுக்குத் தானாகக் கிடைத்த வாய்ப்பு, கொஞ்சம் நடித்தால் எனக்கும் கிடைக்குமே. பிணம் மாதிரி கிடந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் தழுதழுக்கும் என்று எதிர்பார்த்தேன்.

“கல்ல எடுத்துட்டாங்க நைனா. இன்னும் முழிக்கல... இன்னாது? வெத லாரி வந்து நிக்குதா? ஸ்கூட்டரு குறுக்க இருக்குதா?... எனக்கெப்படித் தெரியும்? ஆணியில இல்லன்னா நான் இன்னா பண்றது?” கொஞ்சம் நிறுத்தி, “நைனா, மத்தவங்க யாராவது கேட்டாப் பரவால்ல. நீங்களே கேக்கறீங்களே ஸ்கூட்டர் சாவி எங்க வெச்சாருன்னு” என்றாள்.

குழாய் போட்டு எடுத்த தொண்டை எரிந்தது. “எலிமருந்து டப்பாவுக்குப் பின்னால” என்றேன், கண்ணைத் திறக்காமலே.

அவள் போனை என் வாயருகே பிடித்தாள்.