தாமதிக்க இடமுள்ள வேலைகள்

சென்னையில் யாரிடம் எந்த வேலையைச் சொன்னாலும் "ஆயிடும்மா" என்பார்கள். அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் பகுதியில் குழாய் ஒழுகியபோது வந்து பார்த்த பிளம்பரும் அப்படித்தான் சொன்னார். அதை நான் ஒரு வாக்காக எடுத்துக்கொண்டு, அன்று பகல் முழுக்க வெளியே எங்கும் போகாமல் காத்திருந்தேன். அவர் வரவில்லை. கீழே வீட்டுக்கார மாமியிடம் முறையிட்டேன். "ஆயிடும்னுதானே சொன்னான்? என்னைக்குன்னு சொல்லலையே!" என்று மாமி சிரித்தார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் "பாப்பம்" என்போம். கேட்டவருக்கு உடனே விளங்கிவிடும், அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இங்கே அந்த மறுப்பும் இல்லை, தேதியும் இல்லை. இதை வாசிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு இது தொழில் சங்கடம். கட்டடம் கட்டுகிறவர்களிடம் போய் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தியாகராய நகரில் ஒரு வீட்டின் முன்னறையில் எங்கள் அலுவலகம் இருந்தது. அதை நடத்திய பார்த்தசாரதி சார் மயிலாப்பூர்க்காரர், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த எஞ்சினியர். ஒரு கட்டடத்தைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்புக்குறிகளால் ஒரு வலைப்படம் வரைவோம். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு துளையிட்ட அட்டை. அட்டைக்கட்டை ரப்பர் பட்டை போட்டுக் கட்டி, கிண்டியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தின் ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போனால் அகலமான தாளில் அச்சடித்துத் தருவார்கள், எந்த வேலையை எப்போது தொடங்கலாம், எது ஒரு நாள் பிந்தினாலும் கட்டடமே பிந்தும், எதைத் தாமதித்தாலும் பாதகமில்லை என்று. அந்தத் தாமதிக்கும் இடத்துக்கு 'ஃப்ளோட்' என்று பெயர். கணிதம் படித்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் ஊர் விட்டு வந்து, ஒரு பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர் வேலை கிடைக்காமல் இருந்த எனக்கு, அந்தத் தாள் பெரிய ஆறுதலாக இருந்தது. அதோடு பேசுவதற்கு என் தமிழ் தேவைப்படவில்லை.

என் தமிழைச் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தவரை நான் தமிழ் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, மூச்சு விடுவதை யாரும் கவனிப்பதில்லை அல்லவா, அப்படி. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது ஐயா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "தமிழ்ச் சனத்துக்கு நடுவிலைதானே போறாய், பயப்பிடாதை" என்று சொல்லி அனுப்பினார். ராமேஸ்வரத்தில் இறங்கி, சாமான்களை எண்ணிக் கொடுத்த போர்ட்டரிடம் ஏதோ கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்து, "அம்மா என்ன பாஷை பேசுறாங்க?" என்றார். ஐயா சொன்ன அந்த ஒரு தைரியம் கடற்கரை தாண்டுமுன்பே போயிற்று.

ராஜா அண்ணாமலைபுரத்தில், கால்வாயை ஒட்டிய ஒரு பெரிய மனையில் கல்யாண மண்டபமும் தங்கும் விடுதியும் கட்டும் வேலை எங்களிடம் வந்தது. மனையின் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அடுத்த ஆண்டு ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் திறந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. இடத்தைப் பார்த்து வேலைகளைப் பட்டியலிடுவதற்காக நான் அங்கே போனேன். கால்வாய்க் கரையோரம், மனையின் கடைசியில், ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. முதல் குடிசையின் வாசலில் ஒரு பெண் இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கன்னியம்மா என்று பெயர். பக்கத்தில் அவள் மகள், கர்ப்பிணி, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நானும் உதவிக்கு வந்தவரும் டேப் பிடிப்பதைப் பார்த்துக் கன்னியம்மா எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா அளந்துகினு கீறீங்க?"

"இதிலை கட்டடம் கட்டப் போகினம். அதுக்குத்தான்" என்றேன். கட்டப் போகிறார்கள் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.

அவள் முகம் மாறியது. "போகணுமா? எங்களையா சொல்ற? எப்போ போகணும்?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போனது. தவறாகக் கேட்டிருந்தாலும் அவள் கேட்டதுதான் உண்மை. என் பட்டியலில் முதல் வேலையே 'இடம் காலி செய்தல்'. அது முடியாமல் எந்த அம்பும் நகராது என்று நானே வரைந்திருந்தேன். அவள் மகளைக் காட்டி, "ஐப்பசில இதுக்கு நாளு. மழைக்காலம். பெத்து எடுக்கற வரைக்கும் வுட்டுடுங்கம்மா, அப்பறம் நாங்களே போய்டறோம்" என்றாள்.

என்னால் முடிந்ததெல்லாம் எச்சரிப்பது ஒன்றுதான் என்று பட்டது. "கெதியா வேறை இடம் பாருங்கோ, அம்மா" என்றேன். விரைவாக என்ற அர்த்தத்தில்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தத்தாம்மா நானும் சொல்றேன். எங்களுக்கு வேற கதி கெடையாது."

ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடி வேலியைப் பற்றி ஐயாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நீண்டகாலத் தகராறு இருந்தது. நில அளவையாளர் சங்கிலியோடு வந்த நாளில் அம்மா சமைக்கவேயில்லை, அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். இரண்டு முழ நிலம். அதற்காக அம்மா அன்று பட்ட பாட்டை நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது சங்கிலியின் மற்றப் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பது அலுவலகம் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அன்றிலிருந்து அந்த வலைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடிசைகள் இருந்த பகுதியில் மண்டபம் வரவில்லை, விடுதியும் வரவில்லை. கார் நிறுத்தும் இடமும் ஒரு பூந்தோட்டமும்தான். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் செய்கிற வேலைகள். 'இடம் காலி செய்தல்' என்பதை ஒரே அம்பாகப் போட்டிருந்ததால்தான் மொத்தக் கட்டடமும் அதன் மேல் தொங்கியது. அதை இரண்டாகப் பிரித்தேன். தெருப்பக்கம் முதலில். கால்வாய்ப் பக்கம் பிறகு. செங்கல்லும் மணலும் இறக்க வேறு இடம் காட்டினேன். அட்டைகளைப் புதிதாகத் துளையிட்டுக் கிண்டிக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை ஓர் அட்டை தவறியதால் வெறும் பிழைச் செய்தி வந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. கம்ப்யூட்டர் நிலையத்து வராந்தாவில் நின்றே பிரித்துப் பார்த்தேன். ஆவணித் தேதி அப்படியே இருந்தது. கால்வாய்ப் பக்கம் காலி செய்யும் வேலைக்கு எதிரே ஃப்ளோட் மாதக்கணக்கில் இருந்தது. மழை போய், பொங்கல் போய், அந்தப் பெண் பிள்ளை பெற்று எழுந்து நடமாடும்வரை இடமிருந்தது. அந்த வராந்தாவில் நான் கொஞ்சம் அழுதேன். சென்னைக்கு வந்த பிறகு சந்தோஷத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.

பார்த்தசாரதி சார் தாளை நிதானமாகப் பார்த்தார். "நன்னா பண்ணியிருக்கேள். நானே இதைக் கவனிக்கலை. நாளைக்கு அண்ணாச்சி வரார், நீங்களே எடுத்துச் சொல்லிடுங்கோ" என்றார். எண்களை அண்ணாச்சி படிக்க மாட்டார் என்பதால் ஒரு பெரிய தாளில் பட்டை பட்டையாக வரைந்தேன். பிந்தக்கூடாதவை சிவப்பு. பிந்தலாம் என்பவை பச்சை. கால்வாய்ப் பக்கத்துப் பட்டை நீளமான பச்சையாக இருந்தது.

அண்ணாச்சி நான் நினைத்ததைவிடக் கூர்மையானவர். என் பேச்சில் விளங்காத சொல் வந்தால் நிறுத்திக் கேட்டார், விரலால் பட்டைகளைத் தொட்டுத் தொடர்ந்தார். ஒரு மணி நேரத்தில் அவருக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. இந்த ஊரில் நான் சொன்ன ஒன்றை ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

"அப்போ இந்தக் கரையோரத்தக் காலி பண்ணுறதக் கடைசியில வச்சிக்கிட்டாலும் கெடுதல் இல்ல?"

"இல்லை. ஒரு நாள்கூடப் பிந்தாது."

அவர் பச்சைப் பட்டையின் மேலேயே விரலை வைத்திருந்தார். "சரிதான். முதல்ல பண்ணிட்டாலும் கெடுதல் இல்லல்லாம்மா?"

பார்த்தசாரதி சார் என்னைப் பார்த்தார். கணக்கில் அதற்கு ஒரே பதில்தான். "ஓம்… இல்லை" என்றேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒன்றாக, எனக்கே விளங்காத தமிழில்.

"கோவிச்சுக்கிடாதீங்க. நானும் ஊரவிட்டுப் பிழைக்க வந்தவந்தான். தெரிஞ்சவர் ஒருத்தர் இப்படித்தான் இரக்கப்பட்டு விட்டாரு. குடியிருந்தவன் கேஸு போட்டுட்டான். இன்னிக்கி வரைக்கும் ஒரு கல்லு எடுத்து வைக்க முடியல. ஆளுங்கள இப்ப எழுப்பலேன்னா எப்பவும் எழுப்ப முடியாதும்மா" என்றார். குரலில் கோபமில்லை. உண்மையாகவே எனக்கு விளக்கம் சொல்ல விரும்பினார்.

"அந்தப் பிள்ளைக்கு ஐப்பசியிலை பேறு" என்றேன். "பேறா?" என்றார். "பிரசவம்" என்று பார்த்தசாரதி சார் மெதுவாக எடுத்துக்கொடுத்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்யச் சொல்லுதேன்" என்றார். பிறகு படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, இதன் பிரதி ஒன்று மேஸ்திரிக்கும் கொடுத்துவிடுங்கள், ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். அவர் போனதும் பார்த்தசாரதி சார், "நம்ம கணக்கு கரெக்ட். அதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ?" என்றார். அவர் நல்லவர். அன்று முழுவதும் என்னிடம் வேறு வேலை கொடுக்கவில்லை.

நான் பிறகு சும்மா இருந்துவிடவில்லை. பகல் இடைவேளையில் கன்னியம்மாவிடம் போய், முடிவாகிவிட்டது, புரட்டாசியிலேயே எழுப்பிவிடுவார்கள் என்று, இந்த முறை மாமியிடம் கேட்டுப் பழகிய சென்னைச் சொற்களாகப் பொறுக்கிச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நீ எதுனா பேசிப் பாக்கறேன்னுதான் நெனச்சினு இருந்தேன். நீயே வெளியூரு. உன் பேச்ச எவன் கேப்பான்?" என்றாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்து வருவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மகளைத் தாய்சேய் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம் என்று சொன்னேன். அதற்கும் அவள் தலையாட்டினாள், சின்னப்பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல.

புரட்டாசி முடியுமுன்பே குடிசைகள் போயின. அன்று எனக்குக் கிண்டியில் வேலை, நான் அங்கே இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு, தெருப்பக்கம் தூண் எழுப்பும் வேலை கால அட்டவணைப்படி நடக்கிறதா என்று பார்க்க மனைக்குப் போனேன். நடந்துகொண்டிருந்தது. கால்வாய்ப் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அங்கே யாரும் வேலை செய்யவில்லை. செய்ய வேண்டிய வேலையும் இல்லை. என் பச்சைப் பட்டை சொன்னபடியே அந்த நிலம் வெறுமனே கிடந்தது. நாலைந்து வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் குடையோடு வந்தார்.

"அந்த இட்லிக்கார அம்மா எங்கை?" என்று கேட்டேன்.

"அதுங்களா? ஈக்காட்டுத்தாங்கல்ல யாரோ சொந்தக்காரன் பட்டறை வச்சினு கீறானாம், அங்க போச்சுங்க. அந்தப் பொண்ணுக்குப் பொறந்துச்சாம்."

"சுகமா இருக்கினமோ?"

"இன்னாது?"

"நல்லா இருக்காங்களா, ரெண்டு பேரும்?"

"தெர்லியேம்மா" என்றார் அவர். மெய்யாகவே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போய், பட்டறை பட்டறையாக விசாரித்தேன். எல்லாப் பட்டறையிலும் யாரோ ஒருவருக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மா எங்கும் இல்லை. இன்றுவரை அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. மண்டபம் ஆவணியில் திறந்தது. எனக்கும் அழைப்பு வந்தது.

வாத்துகளைப் பார்த்த அந்த மழை நாளில், மனையிலிருந்து அலுவலகம் திரும்பப் பஸ் ஏறினேன். புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்றார். நான் "கொக்குவில்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

"கொரட்டூரா? இந்த பஸ்ஸு அங்க போவாதும்மா."

அது என் ஊர், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பனகல் பூங்கா என்றாவது சொல்லியிருக்கலாம், தினமும் இறங்கும் இடம். இரண்டும் வரவில்லை. பின் இருக்கையிலிருந்த ஒரு பெண், "பாவம், ஊருக்குப் புதுசு போல" என்றாள். அப்போது நான் சென்னைக்கு வந்து மூன்றாவது மழைக்காலம். கண்டக்டர் இரக்கப்பட்டு, தியாகராய நகருக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்து என் ஈரக் கையில் வைத்தார்.

"அங்க எறங்கிகினு யாரையாச்சும் கேளும்மா. சொல்லுவாங்க."