இடப்பக்கம் சாயும் தையல்

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டீமேக்கராக இருந்தேன். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திப் பெட்டியில் அடைத்து அனுப்புவது என் உத்தியோகம். மாட்டுத்தோலை வெட்டி, நனைத்து, தைத்து, எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டிருப்பது என் சந்தோஷம். முதலாவதற்கு மரியாதை கிடைத்தது. இரண்டாவதற்கு வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு விறகுக்கொட்டகை கிடைத்தது.

இந்தப் பித்து ஸ்டோரில்தான் பிடித்தது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே இயந்திரங்களைச் சுற்றவைப்பவை நீளநீளமான தோல் பெல்ட்டுகள். கொழுந்து குவிந்து கிடக்கிற நாளாகப் பார்த்து ஒன்று அறுந்துவிடும். துரை மேலே நின்று கத்துவார். நான் இரண்டு முனைகளையும் சேர்த்து, துளை போட்டு, தோல்வாரால் கோத்து இறுக்குவேன். பெல்ட் ஓடும், துரை போய்விடுவார். கையில் மிஞ்சிய துண்டை எறிய மனம் வராது. ஒரு துண்டில் கத்திக்கு உறை செய்தேன். இன்னொன்றில் சாவிக்கொத்துக்கு வார். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்த அன்றைக்கே நான் கெட்டுப்போனேன்.

பெல்ட் தோல் முரடு. நல்ல தோல் வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போகவேண்டும். கடைவீதியில் சேணமும் கடிவாளமும் விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். நான் அவரை நானா என்பேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி, ரயில் ஏறி, கடைசியில் மாட்டுவண்டி ஏறி அவர் கடைக்கு வந்து சேரும். அவர் என்னிடம் தோலை விற்றதைவிட வருத்தத்தை விற்றதுதான் அதிகம்.

"சேணம் வாங்குன துரைமாரெல்லாம் இப்ப மோட்டார் வாங்கிட்டாங்க, ஐயா. மோட்டாருக்குக் கடிவாளம் வேணும்னு ஒருத்தரும் கேட்டு வர்றதில்ல."

அவர் சொன்னது உண்மைதான். தோலுக்கும் காலம் இருக்கிறது. நான் தொடங்கியபோது எல்லாரும் கேட்டது இடுப்பு வார். பை வைத்து, மூடி வைத்து, வெற்றிலையிலிருந்து சாவி வரை எல்லாம் கொள்ளுகிற அகலமான வார் இல்லாவிட்டால் கங்காணிக்குக் கங்காணி என்ற களையே வராது. பிறகு சீமையில் பெரிய சண்டை வந்தது. சண்டைக்குப் போய்த் திரும்பிய சின்னத்துரை கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தார். அந்த மாதமே தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் அத்தனை பேருக்கும் மணிக்கட்டு அரித்தது. கடிகாரமே இல்லாத, ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஒருவர் வாரை மட்டும் முன்கூட்டியே தைத்து வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன்பின் துரைச்சாணிக்குப் பூ வெறி பிடித்தது. சீமையிலிருந்து வந்த சஞ்சிகை ஒன்றில், நனைத்த தோலில் பூப்பூவாக அழுத்திச் சித்திரம் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'நல்ல ஹாபி' என்று துரையும் தலையை ஆட்டினார். பதுளைச் சந்தியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர் இதே தோலை இதே ஊசியால் தைத்தால் அது அவருடைய பிறப்பு. நான் தைத்தால் ஹாபி. ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைத்துவிட்டால் எவ்வளவு தூரம் தப்பித்துக்கொள்ள முடிகிறது என்று அன்றைக்கு வியந்தேன். ஆனால் அந்தச் சொல் என் வீட்டு வாசற்படி வரைக்கும்தான் செல்லுபடியாயிற்று.

என் மனைவியின் சட்டம் சுருக்கமானது. தோல் வாசற்படி தாண்டாது. தோலைத் தொட்டவன் குளிக்காமல் தாண்டமாட்டான். என் கருவிகளும் தோலும் ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் விறகுக்கொட்டகையில் குடியிருந்தன. மழைக்காலத்தில் சாரல் அடித்துத் தோலில் பூசணம் பூக்கும். நான் துடைத்து, ஆமணக்கெண்ணெய் போட்டு, நெஞ்சு வெந்துபோவேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"கோயில் மேளத்துக்கு ரெண்டு பக்கமும் தோலுதானே? அதுக்கு மட்டும் கும்பிடு போடுறியே?"

"அது சாமி கேக்குற தோலு. உங்களது சும்மா கெடக்குற தோலு" என்றாள்.

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். இடக்கைக்காரி. சாப்பாட்டுக்கும் கோலத்துக்கும் வலக்கையைப் பழக்கிவிட்டாள் அம்மா. விறகுக்கொட்டகைக்கு அம்மா வருவதில்லை என்பதால் அங்கே மட்டும் இடக்கை சுதந்திரமாக இருந்தது. விறகு எடுக்க வருகிறேன் என்று வந்து உட்காருவாள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் செலுத்தி இழுக்கிற தையலை நான்தான் காட்டிக்கொடுத்தேன். ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். என் தையல் வலப்பக்கம் சாயும், அவளுடையது இடப்பக்கம் சாயும். பார்த்தவுடன் சொல்லிவிடலாம் யார் கை என்று. கறுப்புச் சாயத்துக்கு நான் பதுளைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தபோது, பழைய ஆணிகளைக் காடியில் ஊறப்போட்டு, கழிவுத் தேயிலைச் சாயத்தின் மேல் பூசினால் தோல் காக்கைக் கறுப்பாகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். துரைச்சாணி ரோஜாப்பூ கேட்டார். இவள் கொழுந்தும் இரண்டு இலையும் அழுத்திக் கொடுத்தாள். துரைச்சாணி அதைத் தாமரை என்று எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டார்.

மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாக எதையாவது சொல்லி நழுவின. அப்பாவின் விறகுக்கொட்டகைதான் காரணம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவள் அம்மா சொன்னாள். தினமும் சொன்னாள்.

கடைசியில் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பையன் தோட்டத்துக் கிளாக்கர். தகப்பனார் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் இரண்டு ஜோசியர் பார்த்தும் பொருந்திவிட்டது. தரகர் மட்டும் போகும்போது என்னைத் தனியே இழுத்தார்.

"தோல் வேலை பாக்குறீங்கன்னு அவங்க காதுல விழுந்திருக்கு. நான் இல்லவே இல்லன்னு சாதிச்சிட்டேன். கெடுத்துறாதீங்க."

பெட்டி அன்றே ஸ்டோருக்குப் போனது. ஊசி, நூல், மெழுகு, ஒரு துண்டு வார்கூட வீட்டைச் சுற்றி இருக்கக்கூடாது என்று மனைவி கையில் விளக்குமாறோடு நின்று பார்த்தாள். கல்யாணம் முடியும்வரை தோலைத் தொடுவதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினாள். மகளிடம் பையனைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்களுக்குச் சரின்னா சரிப்பா" என்றாள். இந்த இடமும் தவறினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அடைமழை. பசறை ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு, சேற்றுப்பாதையில் ஏறி வந்தார்கள். தகப்பனார், தாயார், பையன், தரகர். தகப்பனார் காலில் சப்பாத்து. வலது சப்பாத்தின் அடித்தோல் முன்பக்கம் விட்டுப்போய், அவர் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் தவளை மாதிரி வாயைப் பிளந்து மூடியது. அவர் அதைக் காணாதவர்போல் நடந்தார். நாங்களும் காணாதவர்கள்போல் வரவேற்றோம். வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கொழும்புல வெள்ளைக்காரன் கடையில வாங்கினது" என்றார், யாரும் கேட்காமலே.

பலகாரம் வந்தது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனார் தம் குடும்பத்தின் சுத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அது நீண்ட கதை. இடுப்பில் நல்ல கன்றுத்தோல் வார் கட்டியிருந்தார். அது வயிறு குலுங்கும்போதெல்லாம் முனகியது.

"உங்களப் பத்தி மட்டும் ஏதோ தோலு கீலுன்னு ஒரு பேச்சு..." என்று இழுத்தார்.

தரகர் பாய்ந்தார். "அது ஸ்டோர்ல மெஷின் பெல்ட்டுங்க. உத்தியோகம்!"

"ஓ, உத்தியோகமா" என்று அவர் முகம் தெளிந்தது. சம்பளத்துக்குத் தொட்டால் தோஷமில்லை, ஆசைக்குத் தொட்டால்தான் தோஷம் போலும். நாக்கு நுனிவரை வந்ததைப் பலகாரத்தோடு சேர்த்து விழுங்கினேன். என் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். நான் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பாடும் முடிந்து, பையனின் தாயார் என் மனைவியின் கையைப் பிடித்து, "அப்ப தை மாசத்துல வச்சுக்கலாம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். என் மனைவியின் கண் கலங்கியது. எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்தோம்.

தகப்பனார் காலை நீட்டியவர் அப்படியே நின்றார். வலது சப்பாத்து வாயை மூடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் வரிசையாக மெழுகு நூல் தையல், ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே இறுக்கம். சேறுகூடத் துடைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தையலைப் பார்த்தேன். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வந்ததைவிடத் திடமாக, அந்தச் சேற்றில் இறங்கிப் போனார்.

மனைவி அடுப்படிக்குள் போய் டப்பா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மல்லி டப்பாவின் அடியிலிருந்து இரண்டு ஊசியும் குத்தூசியும் மெழுகு நூலும் விழுந்தன. எத்தனை காலமாக அங்கே இருந்தனவோ! அத்தனை காலமும் அவள் சட்டம் அவள் குழம்பிலேயே கொதித்திருக்கிறது.

"ஏண்டி இப்படிப் பண்ணுன?" என்று அழுதாள்.

"அது வாயப் பொளந்துகிட்டு மழையில கெடந்துச்சும்மா. பாத்துட்டு சும்மா இருக்க முடியல" என்றாள் மகள். அவளும் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தத் தையலை நினைத்தபோது கோபம் நிலைக்கவில்லை. அவ்வளவு நல்ல தையலை நான் என் ஆயுளில் போட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தரகர் தனியாக வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மனைவியும் மகளும் கதவோரம் வந்து நின்றார்கள்.

"ஜாதகம் பொருந்தி வரலன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார் கீழே பார்த்துக்கொண்டு. இரண்டு ஜோசியர்களும் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர் போகாமல் நின்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு சப்பாத்து. இடது கால்.

"இதுவும் விட்டுப்போற மாதிரி இருக்காம். கொழும்புக்காரன்கூட இப்படித் தைக்கலன்னு சொன்னாரு. அதே கை போட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்னு... நான் என்னங்க செய்ய, குடுத்து விட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதை அப்படியே மலைக்குக் கீழே வீசலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் என் மனைவி வாசற்படி தாண்டி வந்தாள். அந்தச் சப்பாத்தை, வாழ்நாளில் முதல்முறையாக, தன் இரண்டு கையாலும் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். தாளில் திரும்பப் பத்திரமாகச் சுற்றித் தரகரின் கையில் கொடுத்தாள்.

"எங்க வீட்ல யாரும் தோலத் தொடுறதில்லன்னு சொல்லிருங்க. நாங்க சுத்தமான குடும்பம்."

தரகர் போன பிறகு அவள் நேரே மலைத்தண்ணி கொட்டும் பீலிக்குப் போய், கட்டின சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சட்டம் சட்டம்தானே. ஈரத்தலையைத் துவட்டியபடி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் பெட்டிய ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டு வாங்க. கொட்டகையில வேணாம், சாரல் அடிக்குது. உள்ள வைங்க."

நானும் மகளும் போய் அன்றைக்கே தூக்கி வந்தோம். வாசற்படியில் ஏற்றும்போது மகள் தன் பக்கத்தை இடக்கையால் பிடித்திருந்தாள். அவள் அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பெட்டிக்கு இடம் ஒதுக்க உள்ளே போனாள்.