மெசின் ஓடாத திருவிழா

பிற்பகல் இரண்டு மணி கடந்து யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் இறங்கினேன். வெயில் நெற்றியில் அறைந்தது. அளவெட்டி அங்கிருந்து ஏறக்குறையப் பதினைந்து கிலோமீற்றர். ஓட்டோக்காரர் இரண்டாயிரம் கேட்டார். நான் முகத்தைச் சுளிக்க, ஆயிரத்தெண்ணூறுக்கு இறங்கிவந்தார்.

“திருவிழாவுக்கோ ஐயா?”

“ஓம். லைற் பார்க்க வந்தனான்.”

அவர் முழுதாகத் திரும்பியே பார்த்துவிட்டார். “உந்தப் பற்றறி லைற்றோ? ஊரெல்லாம் உதுதான் கதை. நடுவழியிலை அணைஞ்சு நூந்துபோகும் எண்டு பாதிப்பேர், நூராது எண்டு பாதிப்பேர்.”

“நீங்கள் எந்தப் பக்கம்?”

“நூந்தால் இருட்டுக்கை நிக்கவேணுமே எண்டு ரோர்ச் கொண்டுபோறன்.”

விஷயம் இதுதான். இங்கே அம்மன் வெளிவீதி சுற்றும்போது, அலங்கார விளக்குகளுக்காக லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் ஒரு டீசல் ஜெனரேற்றர் பின்னாலேயே வரும். ஊரார் அதை ‘மெசின்’ என்பார்கள். எண்ணெய்க்கு வரிசை நின்ற வருஷம் டீசல் கிடைக்காமல் அம்மன் உள்வீதியோடு நின்றுவிட்டார். அன்று அழுதவர்களில் ஒருத்தி என் நண்பரின் மகள் துஷ்யந்தி. மின்சார வேலை படித்தவள். கோயில் மடத்துக் கூரையில் சூரியத் தகடு பூட்டி, பகல் வெயிலைப் பற்றறியில் சேர்த்து, அதிலேயே வீதியுலா நடத்தலாம் என்று அன்று தொடங்கிய வாதத்தை இந்த வருஷந்தான் வென்றாள். அதுவும் அரைகுறை வெற்றி. கோயில் மனேச்சர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஒருமுறை விளக்கு நூர்ந்தாலும் மெசினை இயக்குவார்கள், பிறகு மிச்சத் திருவிழா முழுவதும் மெசின்தான். மெசின்காரர் வேறு யாருமல்ல, அவளுடைய பெரியப்பா கனகு.

எனக்கும் இதில் சொந்தப் பகை உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் என் படுக்கையறைக்கு நேர் கீழே அடுக்குமாடியின் ஜெனரேற்றர் இருக்கிறது. மின்சாரம் போனால் கட்டிலே நடுங்கும். கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிக் கொழும்பு ஹோட்டல்களில் நடந்த கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். குளிரூட்டியின் குளிரில் விறைத்துக்கொண்டு, பூமி சூடாகிறது என்று கேட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம்.

மாலை ஐந்து மணிக்குக் கோயிலடியில் துஷ்யந்தியைக் கண்டேன். நான்கு சில்லுத் தள்ளுவண்டியில் பற்றறிகளை அடுக்கிக் கயிறு வரிந்துகொண்டிருந்தாள். பல்லக்கோடு வரும் வண்ண வளைவு, மயில், தாமரை அலங்காரங்களில் பழைய குமிழ்களையும் ரியூப் லைற்றுகளையும் கழற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் எல்ஈடி போட்டிருந்தாள்.

“அரைவாசிச் சண்டை பற்றறியிலை இல்லை அங்கிள், இந்தக் குமிழிலைதான்,” என்றாள். “பழைய குமிழ் எடுக்கிற கரண்டிலை முக்கால்வாசிக்கு மேலை சூடாத்தான் போகும். அதுக்கு எந்தப் பற்றறியும் காணாது.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“போன வருஷம் வீதி சுத்தி முடிக்க எடுத்த நேரம், அதுக்கு மேலை இன்னும் பாதி.” கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வெறும் வண்டியை வீதி முழுக்கத் தள்ளியும் பார்த்திருந்தாள்.

சற்றுத் தள்ளி லாண்ட்மாஸ்டரில் கனகு சாய்ந்திருந்தார். முப்பது வருஷம் மெசினுக்குப் பக்கத்தில் நடந்து காது மந்தமானவர். ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். “பிள்ளை கெட்டிக்காரி. ஆனா நான் நிக்கிறன்,” என்றார் என்னிடம், சத்தமாக.

இருட்டத் தொடங்கியதும், இந்தத் திருவிழாவின் முதல் வீதியுலாவுக்கு அம்மன் வெளியே வந்தார். விளக்குகள் எரிந்தன. புகை இல்லை, இரைச்சல் இல்லை. குழந்தைகள் மூக்கைப் பொத்தவில்லை. பல்லக்குத் தாங்குபவர்களின் காலடி மணலில் அரைபடுவது கேட்டது.

தெற்கு வீதி, மேற்கு வீதி கடந்து வடமேற்கு மூலைக்கு வந்தோம். அளவெட்டியில் மூலைக்கு மூலை சுவாமி நின்று நாதஸ்வரம் கேட்கும். மெசின் காலத்தில் அது பேருக்கு நடந்தது. வாசிப்பவருக்கே தன் வாசிப்புக் கேட்காது, டீசல் எரிகிறதென்று யாராவது அவசரப்படுத்துவார்கள். இன்றோ நாதஸ்வரம் முதல் பிடியைப் பிடித்ததுமே கூட்டம் அசையாமல் நின்றது. பிறகு மணலில் உட்கார்ந்தது. இரண்டு தவில்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கின. முடிகிறது என்று நினைத்தபோதெல்லாம் சனம் “இன்னும்! இன்னும்!” என்றது.

துஷ்யந்தி குனிந்து பற்றறியின் அளவுகாட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவள் போட்ட கணக்கு, மெசின் இரைச்சலில் அவசரமாக முடிந்த திருவிழாவின் கணக்கு. மெசின் சத்தம் போனால் மேளத்தை விட்டு இந்த ஊர் எழும்பாது என்பதை அவள் மறந்துவிட்டாள். பற்றறி நாலில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு வீதிகள் இருந்தன.

மனேச்சர் ஓடிவந்தார். “என்ன பிள்ளை, மெசினைப் போடச் சொல்லட்டோ?”

“வேண்டாம் மாமா. மேளத்தையும் நிப்பாட்டாதேங்கோ.”

சொல்லிவிட்டு வண்டியடியில் குனிந்து, ஓடி ஓடி எரியும் வண்ண வளைவை நூர்த்தாள். அடுத்தது மயில். அடுத்தது தாமரை. பல்லக்கைச் சுற்றிய வெள்ளை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

“என்னடி செய்யிறாய்? அம்மன் இருட்டுக்கையோ நிக்கிறது?”

“அம்மனுக்குக் குறைக்கேல்லை மாமா. எங்களுக்குத்தான் குறைக்கிறன்.”

மனேச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், “இப்பதான் அம்மன்ரை முகம் வடிவாத் தெரியுது!” என்றது. உண்மைதான். மூக்குத்தி மின்னுவது பின்வரிசையில் நின்ற எனக்கே தெரிந்தது. மனேச்சர் திறந்த வாயை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

அதற்குப் பிறகு தவிற்காரர்களைப் பிடிக்க முடியவில்லை. வடகிழக்கு மூலையில் இன்னொரு முறை அமர்க்களம். கோயில் வாசலுக்குத் திரும்பியபோதும் வெளிச்சம் மங்கவில்லை. துஷ்யந்தி போய், மீதியிருந்த மின்சாரத்தில் எல்லா வளைவுகளையும் ஒரேயடியாக எரியவிட்டாள். மயில் தோகை விரித்தது. சனம் ஆர்ப்பரித்தது. அறுபது வயதில் நானும் விசிலடித்தேன், வெட்கமில்லை.

“மிச்ச நாளும் உதே நிக்கட்டும்,” என்றார் மனேச்சர். அவள் பற்றறி வண்டியைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மறுநாள் காலை சண்டிலிப்பாய்ச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். மாநாடுகளில் கேட்காத ஒன்றை இந்த மணல் வீதியில் கேட்டிருந்தேன். டீசலை விட்டால் என்ன இழப்போம் என்றே நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. வெள்ளவத்தைக்குப் போனதும் அடுக்குமாடிச் சங்கத்தாருடன் நான் போடப்போகும் சண்டையை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மரக்கறி மூட்டைகள் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் ஒன்று வந்து நின்றது. மேலே கனகு.

“மெசின் எங்கை அண்ணை?” என்று அவர் காதுக்கு எட்டக் கத்தினேன்.

“வீட்டிலை இறக்கிப்போட்டன்,” என்றார். “இதைச் சந்தையிலை குடுத்திட்டு வெள்ளணத் திரும்பவேணும். பின்னேரம் தவிலுக்கு முன்னாலை இடம் பிடிக்கவேணுமெல்லோ!”