திருச்சி–சிங்கப்பூர், நாலு மணி நேரம்

விமான டிக்கெட் விற்கிறவனைப் பார்த்தால் ஊரே கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரமாகும்?" தஞ்சாவூரில் என் கடை மாடியில் இருந்தது. மூச்சு வாங்கப் படியேறி வருகிறவர்கூடத் தண்ணீர் குடிக்குமுன் அதைத்தான் கேட்பார். என்னைப் போல டிக்கெட் கடையில் குப்பை கொட்டியவர்கள் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எதிர்த்தண்ணி

ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி கலியபெருமாள், ஒரே மகன் தமிழ்ச்செல்வனைச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்ப வந்தார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலை பத்துக்குக் கிளம்பினால் அங்கே போய்ச் சேர மாலை நாலரை. அங்கிருந்து பத்துக்குக் கிளம்பினாலோ பதினொன்றரைக்கே திருச்சி. "அந்த ஊர்க் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி முன்னால ஓடுதுங்க. ரெண்டு பக்கமும் நாலு மணி நேரந்தான்" என்று தொண்டை வற்ற விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போறப்ப எதிர்த்தண்ணி, வர்றப்ப தண்ணியோட வருதுன்னு சொல்லுங்க தம்பி."

கிட்டக்கதான்

பொங்கலுக்கு மகன் வர டிக்கெட் கிடைக்குமா என்று விசாரிக்க மறுபடி வந்தார். இந்த முறை தூரம் கேட்டார். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் என்றேன். அவருக்கும் பங்காளி தங்கராசுவுக்கும் வரப்புத் தகராறு. தாலுகா ஆபீஸ், கோர்ட்டு என்று அலைந்தார்கள். ஆட்சி மாறி மாறி வந்ததே தவிர வழக்கு நின்ற இடத்திலேயே நின்றது. கலியபெருமாள் லேசாகச் சிரித்தார்: "தங்கராசு வயல் வரப்புக்கு அந்தாண்டதான். பேச்சு நின்னு எத்தனையோ வருஷமாச்சு. அதுக்குச் சிங்கப்பூர் கிட்டக்கதான் தம்பி."

பங்காளியின் கேள்வி

பொங்கலைப் பார்க்க அவர் இல்லை. நெஞ்சுவலி வந்து போய்விட்டார். செய்தியோடு என் கடைக்கு ஓடி வந்தவர் அந்தத் தங்கராசுதான். "சிங்கப்பூர்லேருந்து வர எவ்வளவு நேரமாகுங்க?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை வராவிட்டால் பங்காளிதான் கொள்ளி வைக்க வேண்டும். அதற்குத்தான் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவரோ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்: "கொள்ளிய நான் வச்சா, நெலத்துக்கு அடி போடுறான்னு ஊரு சொல்லும். அண்ணியும் அப்படித்தான் நெனைக்கும். எப்படியாவது அவனை வர வச்சுடுங்க."

அலமாரிச் சாவி

மறுநாள் விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். தங்கராசு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு திருச்சியில் போய்க் காத்திருந்தார். விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. தமிழ்ச்செல்வன் வரவில்லை. அவன் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்றைக்குச் சிங்கப்பூரிலேயே இல்லை. ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்தாயிற்று, பொழுது சாய்வதற்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். தங்கராசுவே கொள்ளி வைத்தார்.

மகன் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். திரும்பிப் போகும் டிக்கெட்டுக்காக இருவரும் சேர்ந்தே என் கடைக்கு வந்தார்கள். "இன்னும் ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா சித்தப்பா?" என்று பையன் தேம்பினான். எனக்கும் தாங்கவில்லை. தங்கராசு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்: "உன் கை வைக்க வேண்டிய கொள்ளிய நான் வச்சுட்டேன்டா. அந்த வரப்பை நீ எங்க வேணும்னாலும் போட்டுக்க."

நாலு மணி நேரம் என்பது விமானத்துக்கு ஆகும் நேரம், ஐயா. மனுஷன் வந்து சேர எவ்வளவு ஆகும் என்று மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.