ஐந்து சீட்டு ஒட்டிய பச்சைப் புத்தகம்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நூலகத்தில் வேலை பார்க்கிறார். எந்தப் புத்தகம் எந்த அடுக்குக்கு என்று முடிவாகி வந்ததும் அதன் முதுகில் சீட்டு ஒட்டிக் கொண்டுபோய் வைப்பார். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. வீட்டிலும் அதே குணம். உப்பு டப்பா ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் தினமும் நகர்த்தி வைப்பேன்.

அவர் கையால் அதிகம் ஊர் சுற்றியது ஒரு பச்சைப் புத்தகம். ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் பற்றி உலகம் காலங்காலமாக என்னென்ன நினைத்தது என்பதுதான் அதில் சமாசாரம். மாமா வேலைக்குச் சேர்ந்தபோது அது குற்றவியலில் இருந்தது. இந்தப் பக்கம் கள்ளநோட்டு, அந்தப் பக்கம் பூட்டு உடைப்பு. பிறகு மேலிடத்து உத்தரவு வந்து மருத்துவத்துக்குப் போனது, படர்தாமரைக்குப் பக்கத்தில். அங்கிருந்து மனநோய். அப்புறம் அது நோயே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட, போக்கிடம் இல்லாமல் மூன்று வருஷம் ‘இதர’ அடுக்கில் தபால்தலை சேகரிப்போடு குடித்தனம். கடைசியாகச் சமூகவியல். உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை. பழைய சீட்டைக் கிழித்தால் அட்டை போய்விடும் என்று மாமா மேலேயே ஒட்டி ஒட்டி, ஐந்து சீட்டில் அதற்குக் கூன் விழுந்துவிட்டது.

படர்தாமரைக் காலத்தில் ஒரு தையல்காரர் அதைத் தோட்டக்கலைப் புத்தகத்துக்குள் ஒளித்து, நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். தோட்டக்கலை தலைகீழாக இருந்தது. மாமா பக்கத்தில் போனார்.

“இதுக்கு மருந்து ஏதாவது போட்டிருக்கா சார்?” என்றார் தையல்காரர்.

“நானும் முழுசாத் தேடிட்டேன், இல்ல,” என்றார் மாமா. “டீ குடிக்கலாமா?”

அவர்தான் எங்கள் மாடிக்காரர். பத்தொன்பது வருஷமாக மாமாவோடு மாடியில் இருக்கிறார். “மாடியில குடியிருக்கறவர்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். குடியிருக்கிறவர் எதற்கு வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் தலைமை நூலகர் ஓர் உத்தரவு போட்டார். இடம் போதவில்லை, பத்து வருஷமாக யாரும் இரவல் எடுக்காத புத்தகமெல்லாம் வெள்ளிக்கிழமை காகிதக் கூழ் ஆலைக்கு. பட்டியல் எடுப்பது மாமாவின் பொறுப்பு. பச்சைப் புத்தகத்தின் ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. இரவல் அட்டை மட்டும் வெள்ளை வெளேர். எல்லோரும் நின்றே படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மாமாவுக்கும்தான். விதி விதிதான் என்று அவரே அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு வந்தார். அன்று உப்பு டப்பாவை அடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

மாடியில் பேச்சு கேட்டது.

“ஒரு கையெழுத்துதானே, நீயே போடேன்,” என்றார் மாடிக்காரர்.

“அந்த அட்டை உள்ளேயே கிடக்கும். யார் வேணாலும் பார்ப்பாங்க. நீ போடு.”

“அப்புறம் எவன் என்கிட்ட அளவு கொடுக்க வருவான்?”

மாடி விளக்கு அணைந்தது.

மறுநாள் நான் நூலகத்துக்குப் போனேன். நானும் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினேன். ஒரு காலத்தில் பல இடங்களில் ‘இவன் என்ன செய்தான்’ என்றுதான் கேட்டார்களாம். ‘இவன் என்ன வகை’ என்று கேட்கத் தொடங்கியதே ரொம்பப் பின்னாலாம். வகை என்று வந்துவிட்டால் அடுக்கு வேண்டுமே, அங்கே பிடித்தது சனி. மூடிவிட்டு அட்டையை நிரப்பினேன். கணக்கு வாத்தியார், பல் டாக்டர், எதிர்வீட்டுக்காரர், பள்ளிக் கால்பந்து அணி மொத்தமும். இடம் மிச்சமிருந்ததால் அம்மா. பதினைந்து பேர், ஒரே பேனா.

வெள்ளிக்கிழமை தலைமை நூலகர் மாமாவைக் கூப்பிட்டார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

“இந்தப் பல் டாக்டர் செத்து நாலு வருஷம் ஆச்சு. எனக்குப் பல் பிடுங்கினதே அவர்தான்.”

மாமா என் பக்கம் திரும்பவில்லை. அட்டையை வாங்கி, அளவுகோல் வைத்து, பதினைந்து பேரையும் ஒவ்வொருவராக அடித்தார். தொலைந்தது புத்தகம் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடவில்லை. கீழே தன் பெயரை எழுதினார், விலாசம் எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

“நீங்களா எடுக்கறீங்க?”

“ஆமா சார். முன்னாடியே எடுத்திருக்கணும்.”

இரண்டு வாரம் கழித்து மாமா திருப்பிக் கொடுத்த அன்று, மாடிக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து அடுத்த வரியில் எழுதினார். தலைமை நூலகர் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே விலாசமா?”

“ஒரே மாடி சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ரெண்டு வாரத்துல திருப்பிடணும்.”

தன் பெயரும் அட்டையில் ஏறிய கதை அம்மா காதுக்கு எப்படியோ போய்விட்டது. கெடு முடிந்து மாடிக்காரர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுவா என் கையெழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு.”

“அதை அடிச்சாச்சுக்கா,” என்றார் மாமா தரையைப் பார்த்தபடி.

“அடிச்சா ஆச்சா? பார்க்கிறவங்க என்னைத் தற்குறின்னு நினைப்பாங்க. பேனாவைக் கொடு.”

மாடிக்காரரின் பெயருக்குக் கீழே நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

“நீ படிக்கப் போறியாக்கா?”

“இல்ல, தலைக்கு வச்சுப் படுக்கப் போறேன்.” புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினாள். “நான் முன்னாடி போறேன். மாமாங்க ரெண்டு பேரையும் சீக்கிரம் கூட்டிட்டு வா. சாப்பாடு ஆறிடும்.”

சாப்பிட உட்கார்ந்ததும் மாமா உப்பு டப்பாவைத் தேடினார். தையல் மிஷின் டிராயரிலிருந்து எடுத்து வந்து, என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.