திரை சொன்னால் சரி

பட்டறையில் அவருக்கு ‘முடியாது’ என்று பட்டப்பெயர். இரும்பையும் அலுமினியத்தையும் வெட்டி பம்பு உறைகளும் மிஷின் பாகங்களும் செய்து கொடுக்கும் இடம் அது. வெட்டும் டூல் எங்கே இறங்கி எப்படித் திரும்ப வேண்டும் என்று மிஷினுக்கு புரோகிராம் எழுதுவது அவர் வேலை. புது வேலை வந்தால் முதலாளி வரைபடத்தை அவர் மேஜையில் விரிப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

முதலாளி அவருடைய அக்கா வீட்டுக்காரர். அதனால்தான் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் காலம் தள்ள முடிந்தது. நியாயமாகச் சொன்னால், அவர் முடியாது என்றவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே முடியாதவை. மீதியில் சிலவற்றை அடுத்த தெருப் பட்டறை செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது. முதலாளி ஞாபகத்தில் நின்றவை அந்தச் சில மட்டும்தான்.

வாடிக்கையாளர்கள் காகித வரைபடம் அனுப்புவதை நிறுத்தி, சாலிட் மாடல் அனுப்ப ஆரம்பித்தார்கள். பாகத்தின் முழு உருவமும் திரையில் சுழலும். அதைப் படித்து, டூல் போக வேண்டிய பாதையைத் தானே போட்டுத் தரும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கியாக வேண்டும்.

“நீயே பாத்து எடு மாப்ளே,” என்றார் முதலாளி. “ஆனா எதுவும் சரியில்லைன்னு மட்டும் வந்து நிக்காத. நின்னா வெளியிலேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வெச்சிடுவேன். செஞ்சு முடிச்ச பாகத்தை அளவு பாக்குற ரூமுக்கு நீ போயிடு. அங்க நாள் முழுக்க முடியாதுன்னு சொல்லலாம். சம்பளமே அதுக்குத்தான்.”

சோதித்துப் பார்க்க அவர் ஒரு பம்பு மூடியின் மாடலை எடுத்துக்கொண்டார். அதன் உள்பக்க மூலை கத்தி போல் கூராக இருந்தது. அந்த வேலையைப் பற்றி ஏற்கெனவே சண்டை நடந்து முடிந்திருந்தது.

“சுத்துற டூல் உருண்டையா இருக்கு அத்தான். உள்மூலை கூரா வேணும்னா எங்கேருந்து வரும்?”

“உன் வாயில வேற வார்த்தையே வராதா?”

முதல் கம்பெனிப் பையன் வந்தான். அவனுடைய சாஃப்ட்வேர் கண் சிமிட்டும் நேரத்தில் பாதையைப் போட்டு முடித்து, திரை முழுக்கப் பச்சை காட்டியது. டூல் நுழைய முடியாத மூலையில் உலோகத்தை அப்படியே விட்டுவிட்டு, விட்டதைப் பற்றி மூச்சும் விடவில்லை. எட்டிப் பார்த்த முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. “ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல பாரு. இப்படி ஒரு மச்சினன் எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா?”

இரண்டாவது கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கொண்டுவந்தது மெதுவாக யோசித்தது. யோசித்துவிட்டு, மூலையைச் சிவப்பாக்கியது.

அவள் பதறினாள். “மன்னிச்சுக்கங்க சார், அந்த இடத்துல டூல் போகாதுங்குது. இந்த எச்சரிக்கையை ஆஃப் பண்ணிடலாம். நிறைய பேர் ஆஃப்லதான் வெச்சிருக்காங்க.”

“வேண்டாம்மா. இருக்கட்டும்.”

அவர் அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அபிப்பிராயத்தோடு நெடுங்காலம் தனியாக இருந்தவன், துணை கிடைக்கும்போது அதற்கு உயிர் இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை.

“ரெண்டாவதே எடுத்துக்கலாம் அத்தான்.”

“ஏன்?”

உண்மைக் காரணத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். “எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றார்.

முதலாளி உடனே வீட்டுக்குப் போன் போட்டு, “உன் தம்பிக்கு ஒண்ணு பிடிச்சிருக்காம்!” என்று அறிவித்துவிட்டுத்தான் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

முதல் வேலையே அந்தப் பம்பு மூடி. திரை சிவந்தது. முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“என்னது அது?”

“மூலையில டூல் போகாதாம்,” என்று சொல்லிவிட்டு அவர் வழக்கமான வசவுக்குக் காத்திருந்தார்.

“சாஃப்ட்வேரே சொல்லுதா?” முதலாளி குரலைத் தாழ்த்தினார். வாடிக்கையாளரை அழைத்தார். “எங்க சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது சார். மூலையைக் கொஞ்சம் வளைச்சுக் கொடுங்க.” டீ ஆறுவதற்குள் திருத்திய மாடல் வந்து சேர்ந்தது.

“பாத்தியா? இதை அப்பவே வாங்கியிருந்தா நமக்குள்ள இவ்வளவு சண்டையே வந்திருக்காது.”

தான் எழுதிய பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் பாஸானது போல் இருந்தது அவருக்கு.

அடுத்து ஒரு தட்டையான தகடு. திரையில் எல்லாம் பச்சை. ஆனால் தகட்டை மிஷினில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், டூல் போகும் வழியில் நட்டநடுவே நின்றது.

“கிளாம்ப்ல இடிக்கும் அத்தான்.”

“பச்சையா இருக்கே?”

“மாடல்ல பாகம் மட்டும்தான் இருக்கு. கிளாம்ப்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது.”

“ஆரம்பிச்சிட்டியா? அது முடியும்ங்குது, நீ முடியாதுங்குற. நான் யாரை நம்புறது? அளவு பாக்குற ரூம் காலியாத்தான் இருக்கு மாப்ளே.” முதலாளி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

ஓட்டினால் டூல் உடையும். ஓட்டாவிட்டால் நாற்காலி போகும். அவர் அந்தக் கிளாம்பை அளந்து, கணினியில் வரைந்து, மாடலில் அதன் இடத்தில் வைத்தார். பச்சை சிவப்பானது. முதலாளியைக் கூப்பிட்டார்.

“அத்தான், இப்ப இது இடிக்கும்ங்குது.”

முதலாளி குனிந்து பார்த்தார். “அது சொன்னா சரியாத்தான் இருக்கும். பிடிக்கிற இடத்தை மாத்திடு.” போகிறபோது கணினியின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. நாற்காலியும் அவரிடமே இருக்கிறது. பட்டப்பெயர் கணினிக்குப் போய்விட்டது. தம்பி திருந்திவிட்டான் என்று அக்காவுக்கு நிம்மதி.

போன வாரம் முதலாளி ஒரு சிக்கலான மாடலோடு வந்தார். அடுத்த தெருப் பட்டறை சந்தோஷமாக வாங்கிச் செய்து கொடுத்துவிடும் வகை. மச்சினன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன சொல்லுது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளாம்பை வரைந்தார். உள்ளதைவிடக் கொஞ்சம் தடியாகவே வரைந்தார்.

“சிவப்பு காட்டுது அத்தான்,” என்றார், மிகுந்த வருத்தத்தோடு.