பால்மானி சொன்ன சாட்சி

பித்தளைச் சொம்பின் விளிம்பில் மெல்லிய கண்ணாடி மோதினால் ஓர் ஒலி வரும். மணியோசைக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை மாதிரி. இப்போதும் அது எங்காவது கேட்டால் என் காது சுடுகிறது. ராசிபுரத்தில், தறிக்காரர் தெருவில், நான் செய்த நீதிபரிபாலனம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சயன்ஸ் வாத்தியார் வேலை புதிது, மனைவி புதிது, அறிவும் ஏறக்குறைய புதிது. பள்ளிக்கூடத்துக்குச் சென்னையிலிருந்து வந்த சாமான் பெட்டியில் ஒரு பால்மானி இருந்தது. கண்ணாடிக் குழல்; அடியில் குண்டு, மேலே ஒல்லிக் கழுத்து, கழுத்தில் கோடுகள். சுத்தமான பாலில் விட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் முழுகும். வகுப்பில் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்களுக்குப் பால் ஊற்றியவள் ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் மூன்று பசு வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கறந்த சூடு ஆறாமல், நுரை அடங்காமல் கொண்டுவருவாள். மறுநாள் அவள் ஊற்றிவிட்டுப் போனதும் குழலை விட்டேன். சுத்தப் பாலுக்கான கோட்டைத் தாண்டி முழுகியது.

“நாலில் ஒரு பங்கு தண்ணி” என்று மனைவியிடம் சொன்னேன்.

“காப்பி நல்லாத்தானுங்களே இருக்குது?”

“நாக்கு ஏமாறும். கண்ணாடி ஏமாறாது.”

இதைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த நாள் காலை, எங்கள் தெருவில் அவள் பால் ஊற்றும் மற்ற நான்கு வீட்டுச் சொம்புகளும் எங்கள் வாசலுக்கு வந்தன. நான்கிலும் குழல் முழுகியது. முழுக முழுக என் நெஞ்சு மிதந்தது. அன்றே தெரு அவளை நிறுத்தியது. மூன்றாம் நாள் அடுத்த தெருவும் நிறுத்தியது. அவள் பாலுக்குக் ‘கெணத்துப் பால்’ என்று பெயர் வந்தது.

நான்காம் நாள் காலை இரண்டு சொம்புகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க வாத்தியாரே, என்ற பாலுல தண்ணின்னு சொன்னீங்களாமா?”

“நான் சொல்லலம்மா. இது சொல்லுச்சு.”

“அதுக்கு வாய் எங்கீங்க இருக்குது?”

ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் நின்றது. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவர்கள் தோளில் துண்டோடு சுற்றி நின்றார்கள்.

“இதுல ஒரு சொம்புல தண்ணி ஊத்தியிருக்குது. எதுத்த ஊட்டுக்காரம்மா முன்னாலதான் ஊத்துனன், அவிகளே சாட்சி. எதுலன்னு உங்க கண்ணாடி சொல்லட்டும். செரியாச் சொல்லிப்போட்டா இந்தத் தெருப் பக்கமே நான் எட்டிப் பாக்கறதில்லீங்க.”

“தப்பாச் சொன்னா?” என்று கேட்டது என் மனைவி. அவள் எந்தக் கட்சி என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

“ஊடு ஊடாப் போயி, பால்காரி யோக்கியமானவன்னு வாத்தியாரே சொல்லிப்போட்டு வரட்டும்.”

முதல் சொம்பில் விட்டேன், முழுகியது. இரண்டாவதில் விட்டேன், சரியாகக் கோட்டில் நின்றது, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொம்பில்தான் தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னேன்.

எதிர் வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் முதலில் பால் நிறுத்தியவள்.

“மொதச் சொம்பு இப்பத்தான் கறந்தது, சொட்டுத் தண்ணி படல” என்றாள் பால்காரி. “ரெண்டாவது நேத்து அந்திக்குக் கறந்தது. பாலேட்ட வழிச்சு எடுத்துப்போட்டுத் தண்ணி ஊத்துனனுங்க. ஏடு மேல மெதக்குதுங்களே, அப்ப அது லேசுதான? லேச எடுத்துட்டா மிச்சம் கனம். கனத்துல உங்க கண்ணாடி எந்திரிச்சு நிக்கும். அத மறுபடி கோட்டுக்கு எறக்கறதுக்குத்தான் தண்ணி. கண்ணாடி என்றகிட்ட இல்லாததுனால குத்துமதிப்பா ஊத்துனன்.”

உள்ளே போய், பால்மானியோடு வந்திருந்த காகிதத்தை முதல் முறையாகப் படித்துப் பார்த்தேன். அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் பார்க்க வேண்டும், சூட்டில் பால் லேசாகிவிடும் என்று போட்டிருந்தது. மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் மடிச்சூட்டுப் பாலில் அல்லவா முக்கியிருந்தேன்.

வீடு வீடாகப் போனேன். பால்காரி யோக்கியமானவள் என்றேன், தலையாட்டினார்கள். கண்ணாடி பேரிலும் குற்றமில்லை, கனம் ஒன்றைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும், நான்தான் அதனிடம் யோக்கியதை விசாரித்துவிட்டேன் என்றேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடி பொய் சொல்லும் என்பதோடு தெருவுக்குப் பாடம் முடிந்துவிட்டது. கடைசி வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வந்திருந்த டாக்டரிடம் தெர்மாமீட்டரைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார் தகப்பனார்.

“இது வேற, அது வேறங்க” என்று நான் குறுக்கே போனேன்.

“அன்னிக்குப் பாலுல தண்ணின்னும் நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

டாக்டர் குழந்தையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மாதம் என்னோடு அவர் பேசவில்லை.

அடுத்த நாள் காலை நான்கு வீட்டிலும் நுரை தளும்பப் பால் ஊற்றிவிட்டு அவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

“எங்க வீட்டுக்கு?”

நின்று, தலையிலிருந்த பானையை ஒரு கையால் சரி செய்துகொண்டாள்.

“உங்களுக்கு என்னத்துக்குங்க என்ற பாலு? அந்தக் கண்ணாடிகிட்டயே கறந்துக்குங்க, சாமி. நான் வாரேனுங்க.”